கை சும்மா இருந்தால்

இஸ்திரிப் பெட்டி சாப்பாட்டு மேஜைமேல் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அடித்தகடு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம், நடுவில் ஒயர் சுருண்டு கிடந்தது. கண்ணாடிக்காரர் கசங்கிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கடையில் இருக்க வேண்டும்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானேப்பா இருந்தது?” என்றார்.

“இப்பவும் நல்லாத்தான் இருக்கு,” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். “விடிகாலையில எனக்குத்தான் ஒண்ணு பிடிக்கணும் போல இருந்தது.”

கண்ணாடிக்காரர் சட்டையைக் கசங்கலோடு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் உத்தியோகம். வயது அறுபதை நெருங்குகிறது. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்பார். ஊருக்கெல்லாம் தெளிவு பண்ணிக் கொடுத்த மனுஷருக்குத் தன் வீட்டில் நடப்பது மட்டும் ஒருநாளும் தெளிவாகத் தெரிந்ததில்லை.

அப்பாவுக்கு எண்பத்து நாலு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வாலிபத்தில் பிடித்த சிகரெட்டை அறுபது தாண்டும்வரை கீழே வைக்காதவர். ஒன்று அணைவதற்குள் அதிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்தார், பையிலிருந்த பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார், அதோடு சரி. அந்த டாக்டரே போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. துக்கம் விசாரிக்க முதல் ஆளாகப் போனவர் அப்பாதான், அதுவும் நடந்தே போனார்.

அவர் சிகரெட்டை விட்டாரே ஒழிய சிகரெட் அவரை விடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆசை வேளை கெட்ட வேளையில் எட்டிப் பார்க்கும். அப்போதெல்லாம் அப்பா திருப்புளியைக் கையில் எடுத்துவிடுவார். “கை சும்மா இருந்தா வாய்க்குப் போகும்” என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே வீட்டில் எது கைக்கு எட்டுகிறதோ அதைக் கழற்றுவார். கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி முடிப்பதற்குள் ஆசை அடங்கிவிடும். பூட்டி முடித்த பிறகு கட்டாயம் ஒரு திருகாணி மிச்சம் வரும். கம்பெனிக்காரன் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் போடுவான் என்று சொல்லி, அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுவைப்பார். குடுவை கழுத்துவரை நிறைந்திருந்தது. இத்தனை திருகாணி இல்லாமல் இந்த வீடு எப்படி நிற்கிறது என்று கண்ணாடிக்காரர் பலமுறை யோசித்திருக்கிறார்.

வீட்டில் இருந்த மிக்ஸி, மூடியை ஒரு ஆள் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும். ஃபேன் சுற்றும்போது யாரோ தொண்டையைக் கனைப்பது போலச் சத்தம் வரும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே லைட் அணைந்துவிடும். மூடினால் எரியும் என்று அப்பா அடித்துச் சொல்கிறார், யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம்கூட எப்படியோ சகித்துக்கொண்டிருந்த வீடு அது. போன வாரம் அப்பாவை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போனதில்தான் கண்ணாடிக்காரருக்கு உள்ளே ஏதோ உடைந்தது. டாக்டரம்மா அப்பாவின் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். நுரையீரல் நாற்பது வயசுக்காரர் நுரையீரல் மாதிரி இருக்கிறது, சரியான நேரத்தில் விட்டதன் பலன், இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்று வாயாரப் பாராட்டினார். பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, “உங்க முகம்தான் சார் சரியில்ல, தூங்கறீங்களா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவளுக்கும் சந்தோஷம்தான், மாமனார்மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. “நல்லா இருக்கட்டுங்க,” என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தபடி நின்று, இருபது வருஷம் கழித்துத் தனக்கு என்ன வயசாகும் என்று விரல்விட்டு எண்ணுவதை அவர் வாசற்படியிலிருந்து பார்த்தார்.

இஸ்திரிப் பெட்டிக்கு இரண்டு நாள் கழித்து வாசல் பூட்டு.

குடும்பமே உள்ளே இருக்கும்போது அப்பாவுக்கு ஆசை வந்திருக்கிறது. கதவைத் தாழிட்டு, பூட்டைக் கழற்றி, உள்ளே நாக்கை நகர்த்தும் சின்னச் சக்கரத்தைத் தனியாக எடுத்துத் துடைத்தார். அது கை நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டுபோனது. கதவு திறக்கவில்லை, பிடித்துத் திறக்கக் கைப்பிடியும் இல்லை. கடைக்கு நேரமாகிறது என்று கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாக இறங்கினார். இறங்கும்போது பேன்ட் கிழிந்தது. எதிர்வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கடையில் ஒரு தொழிற்சாலை ஆட்கள் மொத்தமும் கண் காட்ட வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சின்ன வயசுக்காரர், பெரிய முதலாளியின் மகன். ஒன்றும் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், கிழிந்த பேன்ட்டைப் பார்த்தார், “போங்கண்ணே, ஆரம்பிங்க” என்றார். அந்த மரியாதைதான் கண்ணாடிக்காரருக்கு உறைத்தது.

அன்று மத்தியானம், இருட்டறையில் ஆள் இல்லாத நேரத்தில், அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரே ஒரு சிகரெட். சாயங்காலம் ஒன்று பிடித்தால் அப்பாவின் கைக்கு வேலை கிடைத்துவிடும், வீட்டுக்கு ஒரு பொழுதாவது விடுதலை கிடைக்கும். எண்பத்து நாலு வயசில் ஒன்றிரண்டு பிடித்தால் என்ன குடி முழுகிவிடும்? நாற்பது வயசு நுரையீரல் அதைக்கூடத் தாங்காதா? இப்படி நினைத்ததும் அவருக்கே தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. பெற்ற அப்பாவுக்கு விஷம் வாங்கிக் கொடுக்கவா இத்தனை வருஷம் வளர்ந்தோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டி முடித்துக் கடை சாத்தியதும் கால் நேராக டிப்போ இருக்கும் திசையில் நடந்தது.

அப்பா பிடித்தது ஒரு பழைய மஞ்சள் பாக்கெட். அதை இப்போது விற்கிற கடை டிப்போவுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடை ஒன்றுதான். அந்தத் தெருப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று அப்பா அடிக்கடி பெருமையாகச் சொல்வார். அதனால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும் பயமில்லை.

கடைக்காரர் வயசானவர். மூக்கு நுனியில் உத்தரம் மாதிரி ஒரு தடித்த கண்ணாடி. அதையும் மீறிப் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எடுத்தார்.

“இதை இப்ப யாரும் கேக்கறதில்லையே,” என்றார். “உங்களுக்கா?”

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டிராத கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சூடானது. “இல்ல, அப்பாவுக்கு,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். போகட்டும், இந்தக் கண்ணுக்கு நம் முகமா தெரியப்போகிறது என்று சமாதானமானார்.

அத்தோடு வந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. இந்தப் பவர் உங்களுக்குப் போதாது, கடைத்தெருவில் எங்கள் கடைக்கு ஒரு நடை வாருங்கள், நானே பார்த்துக் கொடுக்கிறேன் என்று கடை அடையாளத்தையும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அப்பா நடந்துவிட்டு வர வழக்கத்தைவிட நேரமானது. வரும்போது முகத்தில் ஒரு களை. ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எதையும் கழற்றவில்லை. கண்ணாடிக்காரர் அதைக் கவனித்தார், ஆனால் பையில் கிடந்த பாக்கெட் அவர் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சாயங்காலம் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் குடுவைக்குப் பக்கத்தில், மேஜைமேல் வைத்தார். எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. கண்ணில் பட்டால் படட்டும், எடுத்தால் எடுக்கட்டும், நாம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கை கால் கழுவப் போனார். திரும்பி வந்தபோது மேஜைக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அப்பா. நடுவில் மஞ்சள் பாக்கெட்.

“இது யாருது?” என்றார் அப்பா.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். மனைவியைக் காட்டிக்கொடுக்க முடியாது, அவள் ஒன்றும் அறியாதவள். உங்களுக்குத்தான் என்று சொன்னால், ஏன், எதற்கு என்று கேள்வி வரும். நீங்கள் இன்னும் இருபது வருஷம் இருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னதால் என்றா சொல்வது?

“என்னுது,” என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“அதுவும் நான் பிடிச்ச அதே பாக்கெட்,” என்றார் அப்பா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. “ரத்தம்னா ரத்தம்தான்.”

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லையே மாமா என்றாள் சந்தேகமாக. கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அப்பா தலையாட்டினார். கெட்டிக்காரன் வாசனை வராமல்தான் பிடிப்பான் என்றார். கையிலிருந்த திருப்புளியை மகன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினார். “கவலைப்படாதே. நான் விட்டேன்ல, நீயும் விடுவே.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது.

விடிவதற்கு முன்னால் போர்வை உருவப்படும். நடை. பூங்காவைச் சுற்றி ஒரு சுற்று, பாலம்வரை ஒரு ஓட்டம், திரும்பி வரும்போது மூச்சுப் பயிற்சி. எண்பத்து நாலு வயசு முன்னால் விறுவிறுவென்று போகும், ஐம்பத்தெட்டு வயசு பின்னால் நாக்குத் தள்ள வரும். அப்பா நடக்கும் பாதை முன்பு எதுவோ, இப்போது பூங்கா பக்கம்தான். மகன் கொட்டாவி விட்டால் ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே திருப்புளியும் ஒரு பழைய ரேடியோவும் முன்னால் வந்துவிடும். கண்ணாடிக்காரருக்கு லென்ஸை வெட்டி ஃபிரேமில் உட்கார வைக்கத் தெரியும், ரேடியோ தெரியாது. பிரித்தது பிரித்தபடி கிடந்தது. குடுவைக்கு இரண்டு கை திருகாணி சேர்ந்தது.

சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலைச் சாப்பாட்டின்போது, சிகரெட்டை விட்டுவிட்டேன், இனிமேல் சத்தியமாகத் தொடமாட்டேன் என்று அறிவித்தார். இதில் பொய் ஒரு துளிகூட இல்லை என்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

அப்பா பரிதாபமாகப் பார்த்தார். “இவ்வளவு சீக்கிரம் விட்டேன்னு சொல்றவன் எங்கே பிடிக்கிறான் தெரியுமாம்மா?” என்று மருமகளைக் கேட்டார். “பாத்ரூம்ல.”

அன்று மாலை வீடு திரும்பியபோது குளியலறைத் தாழ்ப்பாளைக் காணவில்லை. அது குடுவைக்குப் பக்கத்தில் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் குளிக்கும்போதெல்லாம் ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்தபடி குளிக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, “என்னடா சத்தத்தைக் காணோம்?” என்று குரல் வரும்.

டாக்டரம்மாவிடம் போனால் விடிவு பிறக்கும் என்று நினைத்தார். நெஞ்சில் குழலை வைத்தாலே தெரிந்துவிடுமே, இவர் புகையே காணாதவர் என்று அவரே சொல்லட்டும். தனியாகப் போகலாம் என்று கிளம்பினால், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

டாக்டரம்மா கேட்டுவிட்டு, நல்லவேளை, சேதம் ஒன்றுமில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள் என்று அப்பாவைப் பாராட்டினார். பிறகு கண்ணாடிக்காரரை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார். ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இப்படி ஒருத்தரை வீட்ல வச்சுக்கிட்டு எதுக்கு சார் என்கிட்ட வர்றீங்க?” என்றார். “அப்பா சொல்றபடி கேளுங்க. அதுதான் மருந்து.”

வெளியே வரும்போது அப்பா ஒரு அங்குலம் உயர்ந்திருந்தார். மகனைப் படியிலேயே இறக்கினார், லிஃப்டைக் கண்ணாலும் பார்க்கவிடவில்லை.

வேறு வழியில்லாமல் ஒருநாள் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனார். அவள் மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். மூடியை யாரும் அமுக்கவில்லை, அது தன்பாட்டுக்கு ஓடியது.

“பாத்தீங்களா?” என்றாள். “உங்களைப் பாத்துக்கற வேலை வந்ததுலேர்ந்து மாமா அந்தத் தாழ்ப்பாளைத் தவிர எதையும் தொடறதே இல்ல. புதுசு வாங்கி வச்சேன், அப்படியே இருக்கு.” அவள் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு தூங்கி எழுந்த தெளிவு இருந்தது. “உங்க கெட்ட பழக்கத்தால வீட்டுக்கு ஒரு நல்லது நடந்திருக்குங்க. என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“ஒண்ணுமில்ல,” என்றார் கண்ணாடிக்காரர்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நடந்துவிட்டது. அப்பா எதையும் கழற்றுவதில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியில் அவருக்கு மட்டும் பங்கில்லை. உடம்பு அலுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், உள்ளே ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது. அதுவும் பூங்காவில் அப்பா அன்றைக்குப் பேசியதிலிருந்து தாங்க முடியவில்லை.

நடந்து களைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். களைத்தது மகன்தான், அப்பா துணைக்கு உட்கார்ந்தார். “உன்மேல எனக்குக் கோவமே இல்லடா,” என்றார். “நான் ஊதித் தள்ளினதைப் பாத்துத்தானே நீ வளர்ந்தே. உங்கம்மா அப்பவே சொன்னா, பையன் பாக்கறான்னு. நான் கேக்கல. என் பாவம் உன்னைப் பிடிச்சிருக்கு.”

இப்படிப்பட்ட மனுஷருக்கா அந்தப் பாக்கெட்டை வாங்கினோம் என்று கண்ணாடிக்காரர் நினைத்து நினைத்துக் குமைந்தார். அந்த நிமிஷம் ஒன்று மட்டும் முடிவு பண்ணினார். தன் உடம்பு துரும்பாகத் தேய்ந்தாலும் சரி, அந்தச் சிகரெட் யாருக்காக வாங்கியது என்பது இந்த மனுஷர் காதுக்கு எட்டவே கூடாது. அது தெரிந்தால் அவர் முகத்தில் அப்புறம் விழிக்க முடியாது.

“சரி, எந்திரி,” என்றார் அப்பா. “பாலம் வரைக்கும் ஓடிட்டு வந்துடலாம்.”

அதற்கடுத்த வாரம் அப்பா கடைக்கே வந்துவிட்டார். வேலை இடத்தில்தான் கை அரிக்கும், நடுவில் வெளியே நழுவிப் போய்ப் பிடித்தால் யார் பார்ப்பது என்று காரணம் சொன்னார். முதலாளி வேண்டாமென்று சொல்வார் என்று கண்ணாடிக்காரர் மலைபோல நம்பியிருந்தார். முதலாளியோ பெரியவரைக் கண்டதும் எழுந்து நின்று, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் மெத்தை போட்ட நாற்காலியைக் கொடுத்தார். இரண்டு நாளில் அப்பா வருகிறவர்களிடம், இந்த ஃபிரேம் உங்கள் மூக்குக்கு எடுப்பாக இருக்கிறது, அது வேண்டாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் நாள் வியாபாரம் சூடுபிடித்தது. “அப்பாவைத் தினமும் கூட்டிட்டு வந்துடுங்கண்ணே,” என்றார் முதலாளி.

ஃபிரேம் பார்க்கிற இடைவெளியில் அப்பா எல்லாரிடமும் மகனைப் பற்றியும் சொன்னார். கெட்டவன் இல்லை, விட முயற்சி பண்ணுகிறான், நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால் தெம்பாக இருக்கும் என்றார். ஆகவே இருட்டறையில், “இது தெளிவா, அது தெளிவா?” என்று கண்ணாடிக்காரர் கேட்டால், உட்கார்ந்திருப்பவர் எழுத்துப் பலகையிலிருந்து கண்ணை எடுத்து, “எங்க மச்சான்கூட இப்படித்தான் சார் இருந்தான், மனசு வச்சா முடியும்,” என்பார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அவர் கையில் ஏலக்காய் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஏலக்காயை மென்றார்.

அப்படி ஒருநாள் முன்மாலையில், ஒருவருக்கு லென்ஸ் பார்த்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட இருட்டறைத் திரையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கடை வாசலில், மூக்கு நுனியில் உத்தரத்தைச் சுமந்துகொண்டு, டிப்போ பெட்டிக்கடைக்காரர் படியைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

உள்ளே கண்ணாடிக்கு முன்னால் அப்பா.

“என்னய்யா, கண்ணு அவுட்டா?” என்றார் அப்பா அவரைப் பார்த்து. பழைய பழக்கம், தெரிந்திருக்கத்தானே செய்யும். ஆனால் இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் போதும், மஞ்சள் பாக்கெட் வெளியே விழுந்துவிடும். கண்ணாடிக்காரர் பாய்ந்து போய்க் கடைக்காரர் தோளை அணைத்தார். வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன் என்று, வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் தாண்டி இருட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். வரிசை முணுமுணுத்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

திரையை இழுத்து மூடிவிட்டுக் கிழவரை நாற்காலியில் உட்கார வைத்தார். லென்ஸ் செருகும் சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினார்.

“உங்களை ஒண்ணு கேக்கணும்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “அன்னைக்கு உங்க கடையில ஒரு மஞ்சள் பாக்கெட் வாங்கினேன்.”

“ஆமா. அப்பாவுக்குன்னீங்க.”

“அதேதான். அதை மட்டும் தயவு பண்ணி மறந்துடுங்க.” ஒரு லென்ஸைப் போட்டார், எடுத்தார், மறுபடி அதையே போட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இஸ்திரிப் பெட்டி, வாசல் பூட்டு, ஜன்னல், கிழிந்த பேன்ட். ஒரு பொழுது நிம்மதிக்காகச் செய்த காரியம், புத்தி கெட்டுப்போய்ச் செய்த காரியம். வீட்டில் எல்லாரும் அது எனக்கு வாங்கியது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். “அவருக்காக வாங்கினேன்னு தெரிஞ்சா அவர் மனசு ஒடிஞ்சுடும். பெத்த பையனே இப்படிப் பண்ணிட்டானேன்னு ஆயிடும். எனக்காகத்தான் பாவம், இந்த வயசுல அலையறார்.”

கடைக்காரர் சோதனைச் சட்டத்துக்குள்ளிருந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். “தம்பி, இந்த லென்ஸு நல்லாத் தெரியுது,” என்றார். “கடைசி வரி வரைக்கும் தெரியுது.”

“அவர்கிட்ட சொல்லிட மாட்டீங்களே?”

“அந்தப் பாக்கெட்டை இந்த ஊர்ல வாங்கின ஒரே ஆள் உங்கப்பா. நீங்க பேசினதும் அதே குரல். தினமும் காலையில என் கடையில வந்து உக்காந்து பேசிட்டுப் போய்க்கிட்டிருந்த மனுஷன்கிட்ட சொல்லாம இருப்பேனா? மறுநாளே சொல்லிட்டேன்.”

கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா யாருக்கோ ஃபிரேம் பொருத்திப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னார்?” என்றார் கண்ணாடிக்காரர்.

“சிரிச்சார், சிரிச்சுக்கிட்டே இருந்தார்,” என்றார் கடைக்காரர், சட்டத்தை மூக்கில் சரி பண்ணியபடி. “அப்புறம், ‘வீட்ல இருக்கற எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன்யா, இவன் ஒருத்தன்தான் பாக்கி’ன்னார்.”